மறைக்கச் சொன்ன பாடம்

ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகை முடிந்து, ஊரே சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற நேரத்தில், நான் இருபது பெண்பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். பதினோரு வருடமாக இதுதான். பள்ளிவாசலை ஒட்டிய அறை, மேலே தகரக் கூரை. ஓசூர் குளிர்ச்சியான ஊர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த அறைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை இருக்கும். என்னை ஆபா என்று கூப்பிடுவார்கள், அக்கா என்று அர்த்தம். நான் மார்க்கக் கல்வியில் பட்டம் வாங்கிய ஆலிமா இல்லை. கிருஷ்ணகிரியில் மூன்று வருடம் ஓதிவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தவள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்று பள்ளிவாசல் நிர்வாகமான ஜமாஅத்தில் என்னைக் கேட்டார்கள். முடியாது என்று சொல்லத் தெரியாமல் ஒப்புக்கொண்டேன்.

மற்ற ஆறு நாளும் ஒரு கம்பெனியில் கார்களுக்குப் போகிற வயர்களைக் கட்டுகிற வேலை. எட்டு மணி நேரம் நின்றபடி. ஏழாவது நாளாவது காலை நீட்டலாம் என்று உடம்பு கெஞ்சும். அந்த நாளில்தான் வெட்கத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும்.

வெட்கம் ஈமானில், அதாவது இறைநம்பிக்கையில், ஒரு பகுதி என்றுதான் தொடங்குவேன். குளிக்கும்போது தாழ்ப்பாள் போட வேண்டும், உடை மாற்றும்போது ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது, பத்து வயதானால் படுக்கை தனித்தனி. பெற்றோர் இருக்கும் அறைக்குள் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும்: விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கு முன், மதிய ஓய்வில், இரவு இஷா தொழுகைக்குப் பின். இதை முதல் தடவை சொல்லிக்கொடுத்தபோது, பின்வரிசையில் ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள்.

"ஆபா, எங்க வீட்ல இருக்கறதே ஒரு ரூம்தான். எந்தக் கதவத் தட்டறது?"

இன்னொருத்தி சும்மா இருப்பாளா? "எங்க அத்தாக்கு நைட் ஷிப்ட் ஆபா. அவரு தூங்கறதே காலைல எட்டு மணிக்கு. அப்ப அது எந்த நேரத்துல சேரும்?"

இந்தக் கேள்விகளுக்குக் கிருஷ்ணகிரியில் எனக்கு யாரும் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. இங்கே தொழிற்பேட்டையைச் சுற்றி லைன் வீடுகள்தான். ஒரு அறை, மூலையில் அடுப்பு, ஆறு வீட்டுக்கு இரண்டு பாத்ரூம். பெரியவர்கள் தூங்குகிற பக்கம் ஒரு சேலையைக் குறுக்கே கட்டியிருப்பார்கள். அந்தச் சேலைதான் உங்கள் கதவு, அதற்கு வெளியே நின்று சலாம் சொல்லுங்கள், பதில் வந்தால் போங்கள் என்றேன். அப்பா எப்போது தூங்குகிறாரோ அதுதான் ஓய்வு நேரம் என்றேன். பிறகு பயந்துபோய், பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்திடம் கேட்டேன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய் என்றார். அடுத்த வாரமே ஒரு அம்மா வந்து, "ஆபா, உங்களால ஒரு சேலை மாத்த முடியல. வெளிய நின்னுக்கிட்டு நாலு தடவ சலாம் சொல்லுது" என்று அலுத்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

பெருமைப்பட்ட இன்னொரு பாடமும் உண்டு. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

லைன் வீட்டுச் சுவர் பேருக்குத்தான் சுவர். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் நம் வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். அதனால் அந்தந்த வாரத்துச் சண்டை முழுவதும் ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புக்கு வந்துவிடும். யார் வீட்டில் யார் அடித்தார், யார் குடித்துவிட்டு வந்தார், யாருடைய அம்மா கோபித்துக்கொண்டு கெலமங்கலத்துக்குப் பஸ் ஏறினாள், எல்லாம். உருதுவில் ஒருத்தி ஆரம்பிப்பாள், தமிழில் ஒருத்தி முடிப்பாள், நடுவில் கன்னடத்தில் ஒருத்தி திருத்தம் சொல்வாள். சம்பந்தப்பட்ட பிள்ளை அங்கேயே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் சொல்லிக்கொடுத்தேன். பிறருடைய குறையை மறைப்பவருடைய குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான். புறம் பேசுவது செத்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பது மாதிரி. பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மனப்பாடம் செய்தார்கள். வாரா வாரம் ராகம் போட்டுச் சொல்ல வைத்தேன். இரண்டே மாதத்தில் வகுப்பில் வம்பு நின்றுபோனது. அம்மாக்கள் எனக்குக் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினார்கள். ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் அதையே முதல் பாடமாக வைத்தேன்.

போன வருடம், பிள்ளைகளுக்கு உடம்புப் பாதுகாப்பைப் பற்றியும் சொல்லிக்கொடுங்கள் என்று ஜமாஅத்தில் கேட்டார்கள். செய்திகளைப் பார்த்துப் பெற்றோர் பயந்துபோயிருந்தார்கள். என் மகளின் பள்ளிக்கூடத்தில் கொடுத்த படத்தாளை எடுத்துக்கொண்டு போனேன். மகளுக்கு அப்போது எட்டு வயது, அவளும் என் வகுப்பில்தான் முன்வரிசையில் உட்காருவாள். உடம்பு அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம், அதை நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி, எங்கெங்கே யாரும் தொடக் கூடாது என்பதைப் படத்தில் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு அடங்கினார்கள். கடைசியாகக் கேட்டேன்.

"உங்களுக்குப் பிடிக்காத மாதிரி யாராவது தொட்டுட்டு, யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னா, நீங்க என்ன செய்யணும்?"

இருபது குரலும் ஒன்றாக வந்தது. "மறைக்கணும் ஆபா!"

மறைத்தால் அல்லாஹ் நம் குறையை மறைப்பான் என்று அதே ராகத்தில் முழுவதையும் சொல்லி முடித்தார்கள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. என் மகளின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இல்லை இல்லை, இது வேறு, அது வேறு என்று ஏதோ ஆரம்பித்தேன். சாயந்தரத் தொழுகையான அசருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். கால் கடுத்தது. வீட்டில் துணி ஊறிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் விளக்கமாகச் சொல்கிறேன் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மகள் பேசவே இல்லை. வழக்கமாக எனக்குக் காது வலிக்கிற அளவுக்குப் பேசுகிறவள். பஞ்சர் கடை மூடியிருந்தது, அதன் வாசலுக்கு வந்ததும் நின்றாள்.

"ம்மா, நான் தப்பா சொல்லிட்டனா?"

"இல்லடா. அது வேற பாடம்."

"மறைச்சா நன்மைதானே?"

என் கையில் இருந்த பையைக் கீழே வைத்தேன். "நீ எதாச்சும் மறைச்சிருக்கியா?"

அவள் செருப்பைப் பார்த்தாள். "சொன்னா புறம் பேசறதாயிடும்" என்றாள்.

கடைப் படியில் உட்கார்ந்து அவளையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். இதில் பாவம் எதுவும் இருந்தால் அது முழுவதும் என் கணக்கில் எழுதப்படட்டும், உன் பேரில் ஒன்றும் வராது, சொல் என்றேன். அப்படிச் சத்தியம் செய்ய எனக்கு உரிமை உண்டா என்று தெரியாது. அந்த நேரத்தில் வேறெதுவும் வாயில் வரவில்லை. அவள் சொன்னாள்.

அவள் சொன்னது அவளுடைய மாமாவைப் பற்றி. என் கணவரின் அக்கா வீட்டுக்காரர். அக்காவும் அவரும் பர்கூரில் இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பஸ் ஏறி வந்து, மதியம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நானும் அக்காவும் பொதுக்குழாயில் பாத்திரம் கழுவப் போகும்போது, என் கணவர் கறி வாங்கப் போயிருக்கும்போது, மாமா அவளை மடியில் உட்காரவைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்வாராம். போனில் படம் காட்டுவாராம். எழுந்திருக்கப் பார்த்தால் விடமாட்டாராம். "அம்மாகிட்ட சொல்லாத, அம்மா அடிக்கும்" என்பாராம். அதற்கு மேல் எதுவும் நடந்திருக்கவில்லை என்று, மெதுவாக, பல நாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அவளுக்கு அது பிடிக்கவில்லை. ரம்ஜானுக்கு முன்பிருந்தே பிடிக்கவில்லை. சொல்லவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாக ஞாபகம் வந்தன. விருந்தாளி வந்தால் பிள்ளைகள் சலாம் சொல்லி முஸாபஹா கொடுக்க வேண்டும், இரண்டு கையையும் நீட்டி. அது எங்கள் வழக்கம், நல்ல வழக்கம்தான். அவர்கள் வருகிற நாளில் இவள் பாத்ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். நான்தான் கதவைத் தட்டி, "ஊருக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லிக் குடுக்கறவ பொண்ணு, மாமாக்குக் கை குடுக்க மாட்டியா" என்று இழுத்துவந்து நிறுத்துவேன். அன்று காலையிலும் அப்படித்தான் செய்திருந்தேன்.

"ஸ்கூல்ல மிஸ்ஸு அம்மாகிட்ட சொல்லணும்னுதானே சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன். குற்றத்தை யார் மேலாவது கொஞ்சம் தள்ளிவிட முடியுமா என்று பார்த்தேன் போல.

"மிஸ்ஸு சொன்னது பாடம்மா. நீ சொன்னது அல்லாஹ் சொன்னது."

அந்தப் படியில் உட்கார்ந்து நான் அழுதேன். அவள் என் முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டு, "நான் சொல்லாமயே இருந்திருக்கணுமா?" என்று கேட்டாள். சட்டென்று அழுகையை நிறுத்திக்கொண்டேன். இனி இவள் முன்னால் இதற்காக அழக் கூடாது என்று அப்போதே முடிவெடுத்தேன். சொல்லிவிட்டாய், நல்ல வேலை செய்தாய், இனி அவர் நம் வீட்டுக்கு வரமாட்டார் என்றேன்.

வரமாட்டார் என்று சொல்லிவிட்டேனே தவிர, அதற்கு வீட்டில் பட்ட பாடு தனி. என் கணவர் அந்த வாரம் ஏ ஷிப்ட். விடிவதற்கு முன் போய் மதியம் மூன்று மணிக்கு வருவார், எண்ணெய் வாசனையோடு. காவேரிப்பட்டினத்தில் வேலையில்லாமல் இருந்தவரைக் கூட்டிவந்து இப்போது வேலை பார்க்கிற கம்பெனியில் சேர்த்துவிட்டவரே அந்த மச்சான்தான். அந்த ஞாயிறு இரவே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாசத்துல எதாச்சும் பிடிச்சிருப்பாரு. சின்னப் பிள்ள, அதுக்கு இன்னா தெரியும்" என்றார்.

"அதுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியல."

"எங்க அக்கா வாழ்க்கையப் பாக்க வேணாமா?"

நான் கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. கேட்கட்டும் என்று இன்னும் கத்தினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வேலைக்குப் போவதும் வந்து படுப்பதுமாக இருந்தார். அந்த மூன்று நாளும் நான் அவரை வெறுத்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை, வெறுத்தேன். மகள் மட்டும் ஒவ்வொரு சாயந்தரமும், "அத்தாக்கு என் மேல கோவமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை அந்தக் கேள்வி அவர் காதிலேயே விழுந்தது. அவளை ஒரு நிமிடம் பார்த்தார். மொட்டை மாடிக்குப் போய் போன் செய்தார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. இறங்கி வந்தவர், "வர மாட்டாரு" என்று மட்டும் சொன்னார். டீ போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. கம்பெனியில் இடைவேளை, மற்ற பெண்கள் எல்லாரும் பக்கத்தில் இருந்தார்கள்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் மறைக்கணும் மறைக்கணும்னு சொல்லிக் குடுக்கிற. குடும்பத்து மானத்த மறைக்கத் தெரியலயா உனக்கு?"

அப்படியே என் பாடம். எனக்கே திரும்பி வருகிறது. "அக்கா, உங்க வீட்டுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க வந்து போகுது. அதுங்கள பாத்துக்கங்க" என்றேன். அவர் அழுதாரா, ஏற்கெனவே தெரிந்ததை நினைத்தாரா, எனக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களோடு பேச்சு இல்லை. கம்பெனியில் ஒரு பெண்ணுக்குத் தெரிந்த வக்கீலம்மா மூலம், மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்கும் அலையத் தெம்பு வேண்டும்.

சனிக்கிழமை ஹஜ்ரத்துக்குப் போன் செய்தேன். யார், என்ன என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்தால் அதையும் மறைக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். அவர் கொஞ்சம் கோபமாகவே பேசினார். ஒருவன் தனக்கும் இறைவனுக்கும் நடுவில் செய்கிற தவறைத்தான் மறைக்கச் சொல்லியிருக்கிறது, அடுத்தவர் மேல் கை வைப்பது அநியாயம், அநியாயத்தை மறைப்பது அநியாயக்காரனுக்கு உதவி செய்வது என்றார். அநியாயத்துக்கு ஆளானவர் சத்தம் போட்டே சொல்லலாம் என்று குர்ஆனில் இருக்கிறதே, நீ ஓதியதில்லையா என்றார். ஓதியிருக்கிறேன். ரம்ஜான் தவறாமல் ஓதியிருக்கிறேன். ஓதியதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, வம்பு பேசுவதை நிறுத்தத் தேவையான பாதியை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அப்போதே பத்து வருடம் ஆகியிருந்தது. முதல் வருடம் என்னிடம் ஓதிய பிள்ளைகளில் இரண்டு பேருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. ஒருத்தி அத்திப்பள்ளி பக்கம், இன்னொருத்தி எங்கே என்றே தெரியவில்லை. இவர்களில் யார் யார் எதை மறைத்துக்கொண்டு வளர்ந்தார்கள், யார் அதை நன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? என் மகளாவது என் வீட்டில் இருந்தாள். கடைப் படியில் உட்காரவைத்துக் கேட்க முடிந்தது. மற்றவர்களை நான் பாங்கு சத்தம் கேட்டதும் அனுப்பிவைத்தவள். அந்த நினைப்பு என்னை வேலையில் நிற்கவிடவில்லை. இரண்டு வயரை மாற்றிக் கட்டி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படத்தாள் எதுவும் எடுத்துப்போகவில்லை. போனதும் உட்கார்ந்து, "ஆபா உங்களுக்கு ஒரு பாடத்தத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்" என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆபா தப்பு செய்வாள் என்பது அவர்களுக்குப் புதிது. பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வது வம்பு, அதை மறைக்கலாம். உங்கள் உடம்புக்கு ஒருவர் செய்ததைச் சொல்வது வம்பே இல்லை. அது யாராக இருந்தாலும், வயதானவராக இருந்தாலும், தொழுகிறவராக இருந்தாலும், ஓதிக்கொடுக்கிறவராகவே இருந்தாலும் சொல்ல வேண்டும். சொன்னால் பாவம் இல்லை. முன்னாலேயே மறைத்திருந்தாலும் அது உங்கள் தப்பு இல்லை, ஆபாவின் தப்பு. முஸாபஹா கொடுக்கப் பிடிக்கவில்லை என்றால் தூர நின்று சலாம் மட்டும் சொல்லலாம். அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மா நம்பவில்லை என்றால் என்னிடம் வாருங்கள். நானும் நம்பவில்லை என்றால் இன்னொருவரிடம் போங்கள். யாராவது நம்புகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருங்கள்.

ராகம் போட்டுச் சொல்ல வைக்கவில்லை. யாரும் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. என் மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொன்னேன், புரிந்ததா, பயமுறுத்திவிட்டேனா, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தும், போகலாம் என்றேன்.

எப்போதும் போலத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள், வாசலில் செருப்புக்குச் சண்டை போட்டார்கள், தெருவில் அவர்கள் சத்தம் தேய்ந்தது. நான் பாயைச் சுருட்டலாம் என்று திரும்பினேன். இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி ஓதுகிற கிதாபைப் பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். இன்னொருத்தி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி போகட்டும் என்று மற்றவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

பெரியவளை என் மகளோடு வாசலில் உட்காரச் சொன்னேன். நீயும் போய்விடாதே, உன்னிடமும் பேசுவேன் என்று சொன்னேன். பிறகு அந்தச் சின்னவளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். அசர் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். அவள் தலையைத் தூக்கி, போக வேண்டுமா என்பது போல என்னைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்மா," என்றேன். "நீ சொல்லு."